கோச்சிங்கா, சிகிச்சையா? மனம் சோர்ந்த பிள்ளையை எங்கே அழைத்துச் செல்வது

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு நாள், அஸர் தொழுகைக்குப் பின் பள்ளிவாசலை ஒட்டிய நமது அறைக்கு ஒரு தாய் தன் மகனை அழைத்து வந்தார். பையனுக்கு 19 வயது. நீட் தேர்வை இரண்டாம் முறை எழுதியும் இடம் கிடைக்காமல் வீட்டில் இருந்தான். "ஹஸ்ரத், புள்ள யார்கிட்டயும் பேசுறதில்ல. சோறு இறங்க மாட்டேங்குது. கண்ணேறு பட்டிருக்கும்போல, கொஞ்சம் ஓதிப் பாருங்க" என்றார். நாமும் ஓதினோம். பிறகு பையனிடம், "ஃபஜ்ருக்கு எழுந்து தொழு, தினமும் கொஞ்சம் குர்ஆன் ஓது, மனம் தானாகத் தெளியும்" என்று சொல்லி அனுப்பினோம்.

துபாயில் இருந்த அவனுடைய மாமா அதற்குள் வேறோர் ஏற்பாடு செய்திருந்தார். இணையவழியில் 8 வார 'மைண்ட்செட் கோச்சிங்', கட்டணம் 30,000 ரூபாய். காலை 5 மணிக்கு எழ வேண்டும், அன்றைய இலக்கை எழுத வேண்டும், இரவில் எத்தனை முடித்தோம் என்று மதிப்பெண் போட வேண்டும். அந்தப் பயிற்றுநர் மோசடிக்காரர் அல்ல. தனக்குத் தெரிந்ததை அக்கறையாகவே சொல்லிக்கொடுத்தார்.

இரண்டு மாதம் கழித்துப் பையன் தனியாக வந்தான். "ஹஸ்ரத், நீங்க சொன்னதையும் செய்ய முடியல, அவர் சொன்னதையும் செய்ய முடியல. நான் எதுக்கும் லாயக்கில்ல. தூங்கிட்டு அப்படியே எழுந்திருக்காம போயிட்டா நல்லாருக்கும்" என்றான்.

அன்றே அவனை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு அழைத்துச் சென்றோம். மருத்துவர் அரை மணி நேரத்துக்கு மேல் பேசிவிட்டு, இது மனச்சோர்வு நோய் என்றார். பிள்ளை சோம்பேறியும் அல்ல, ஈமானில் குறையுள்ளவனும் அல்ல. நோயாளி. நோயாளியிடம் நாம் இரண்டு பேரும் ஓட்டப் பந்தயத்துக்குப் பயிற்சி கொடுத்துக்கொண்டிருந்தோம்.

அந்த இரண்டு மாதம் இன்னொரு குடும்பத்துக்கு வீணாகக் கூடாது என்பதற்காகவே இதை எழுதுகிறோம். அடையாளம் தெரியாதிருக்கச் சில விவரங்களை மாற்றியிருக்கிறோம்.

கோச் என்பவர் யார்?

'கோச்' என்ற சொல் நமக்கு விளையாட்டு மைதானத்திலிருந்து பழக்கமானது. நன்றாக ஓடத் தெரிந்தவனை இன்னும் வேகமாக ஓட வைப்பவர் கோச். வாழ்க்கைப் பயிற்சி, மனநலப் பயிற்சி என்று இன்று விளம்பரம் செய்யப்படுபவையும் பெரும்பாலும் அதே வேலையைத்தான் செய்கின்றன. எங்கே போக வேண்டும் என்று கேட்பார்கள், இலக்கைப் பிரித்துக் கொடுப்பார்கள், வாரந்தோறும் நினைவூட்டுவார்கள்.

இது பயனுள்ள வேலைதான். வளைகுடாவிலிருந்து திரும்பி வந்து சொந்தத் தொழில் தொடங்கத் தயங்கும் சகோதரர், திருமணத்துக்குப் பின் விட்ட படிப்பைத் தொடர நினைக்கும் சகோதரி, கூட்டத்தில் பேசத் தடுமாறும் இளைஞர், நேரத்தைச் சரியாகப் பிரிக்கத் தெரியாத மாணவர் ஆகியோருக்கு நல்ல பயிற்றுநர் ஒருவர் உண்மையிலேயே உதவ முடியும். இவர்கள் எல்லோருக்கும் ஒரு பொதுத்தன்மை உண்டு. உண்கிறார்கள், உறங்குகிறார்கள், அன்றாட வேலைகள் நடக்கின்றன. அடுத்த அடியை எப்படி எடுத்துவைப்பது என்பதில்தான் அவர்களுக்குக் குழப்பம்.

ஆனால் ஒன்றை அறிந்துகொள்ள வேண்டும். நம் நாட்டில் கோச் என்று பெயர்ப்பலகை வைக்க எந்த அரசு உரிமமும் தேவையில்லை. வார இறுதி வகுப்பு ஒன்றை முடித்தவரும் வைக்கலாம், எதையும் முடிக்காதவரும் வைக்கலாம். 1995-இல் தொடங்கப்பட்ட சர்வதேசப் பயிற்றுநர் கூட்டமைப்பான ஐ.சி.எஃப். போன்ற அமைப்புகள் சான்றிதழ் தருகின்றன. அதன் முதல் படிநிலைக்கு 100 மணி நேரமும், அடுத்ததற்கு 500 மணி நேரமும் பயிற்சியளித்த அனுபவம் கேட்கப்படுகிறது. இவை பயிற்றுநர்கள் தாமாக விரும்பிப் பெறுபவை. நோயைக் கண்டறியவோ சிகிச்சையளிக்கவோ இவை யாருக்கும் தகுதி தருவதில்லை.

சிகிச்சை தருபவர்கள் யார்?

இங்கேதான் பல குடும்பங்கள் குழம்புகின்றன. ஒவ்வொருவரையும் தனித்தனியாகப் பார்ப்போம்.

மனநல மருத்துவர், அதாவது சைக்கியாட்ரிஸ்ட், எம்.பி.பி.எஸ். முடித்து அதன்மேல் மனநலத்தில் எம்.டி. போன்ற பட்டம் பெற்ற டாக்டர். நோயைக் கண்டறிவார், மருந்து எழுதுவார். தைராய்டு குறைவு, இரத்தசோகை, பி12 பற்றாக்குறை போன்ற உடல் கோளாறுகளும் மனச்சோர்வு போலவே தோன்றும். இரத்தப் பரிசோதனை செய்து அவற்றைப் பிரித்தறிவதும் மருத்துவரின் வேலை.

மருத்துவ உளவியலாளர், அதாவது கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட், மருந்து தருபவர் அல்லர். பேச்சுவழிச் சிகிச்சை தருபவர். பெரும்பாலோர் உளவியலில் முதுகலை முடித்து, அதற்குமேல் 2 ஆண்டு மருத்துவமனைப் பயிற்சியுடன் கூடிய எம்.ஃபில். படித்தவர்கள். இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவு பெற்றிருக்க வேண்டும். பதிவு எண்ணைக் கேட்பது அவமரியாதை ஆகாது. தகுதியுள்ளவர் தயங்காமல் தருவார்.

கவுன்சிலர் என்ற சொல் இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. முறையாகப் படித்து மருத்துவமனைகளிலும் கல்லூரிகளிலும் பணியாற்றும் நல்ல ஆலோசகர்கள் இருக்கிறார்கள். மூன்று மாதச் சான்றிதழுடன் அதே பெயரைப் போட்டுக்கொள்பவர்களும் இருக்கிறார்கள். ஆகவே பெயரைப் பார்த்து நம்பாமல் படிப்பைக் கேட்க வேண்டும்.

பேச்சுவழிச் சிகிச்சை என்றால் உட்கார்ந்து அறிவுரை கேட்பது என்று பலர் நினைக்கிறார்கள். உதாரணமாக, சி.பி.டி. எனப்படும் சிந்தனை-நடத்தைச் சிகிச்சையை எடுத்துக்கொள்வோம். 1960-களில் ஆரோன் பெக் என்ற அமெரிக்க மனநல மருத்துவர் உருவாக்கிய முறை இது. 'நான் எதற்கும் லாயக்கில்லை' என்ற எண்ணம் எப்போது வருகிறது, அது வரும்போது உடல் என்ன செய்கிறது, அந்த எண்ணத்துக்கு ஆதாரம் என்ன என்று நோயாளியே எழுதிப் பார்க்கப் பழகுகிறார். வாரம் ஒரு முறை, ஒவ்வொரு முறையும் முக்கால் மணி முதல் ஒரு மணி நேரம், சில மாதங்கள் நடக்கும். இடையில் வீட்டுப்பாடமும் உண்டு.

வஸ்வஸாவை வைத்து ஓர் உதாரணம்

வித்தியாசத்தைப் புரிந்துகொள்ள நம் சமுதாயத்தில் அடிக்கடி காணும் ஒரு நிலையைச் சொல்கிறோம். ஒருவர் ஒளூ செய்ய முக்கால் மணி நேரம் எடுத்துக்கொள்கிறார். கை நனைந்ததா, தலையைத் தடவினோமா என்று திரும்பத் திரும்பச் சந்தேகம். தொழுகையில் தக்பீரைப் பத்து முறை சொல்கிறார். கை தோல் உரிந்துவிட்டது.

நம்மிடம் வந்தால், சந்தேகத்தால் உறுதி நீங்காது என்ற ஃபிக்ஹு விதியைச் சொல்லி, "பொருட்படுத்தாதீர்கள்" என்போம். மார்க்கத் தீர்ப்பாக அது சரி. சாதாரணச் சந்தேகக்காரருக்கு அதுவே போதும். கோச்சிடம் போனால், மன உறுதியை வளர்க்கச் சொல்வார். ஆனால் ஓ.சி.டி. எனும் எண்ணச் சுழற்சி நோய் உள்ளவருக்கு இரண்டும் போதாது. 'பொருட்படுத்தக் கூடாது' என்பது அவருக்கும் தெரியும், விட முடியவில்லை என்பதுதான் நோயே. மேலும், "என் ஒளூ கூடிவிட்டதா ஹஸ்ரத்?" என்று அவர் தினமும் கேட்பதும், நாம் தினமும் "கூடிவிட்டது" என்று ஆறுதல் சொல்வதும் அந்தச் சுழற்சிக்குத் தீனி போட்டுவிடும்.

சிகிச்சையில் என்ன செய்கிறார்கள்? ஒரு முறை மட்டும் கழுவிவிட்டு, மீண்டும் கழுவாமல் அந்தப் பதற்றத்தோடு இருக்கப் படிப்படியாகப் பழக்குகிறார்கள். கழுவாமலேயே பதற்றம் தணிகிறது என்பதை மூளை கற்றுக்கொள்கிறது. தேவைப்பட்டால் மருந்தும் உண்டு. இங்கே ஆலிமுக்கும் பங்குண்டு. "ஒரு முறை கழுவினால் போதும்" என்ற தீர்ப்பை ஒரே தடவை தெளிவாகச் சொல்லிவிட்டு, மறுபடி மறுபடி கேட்டால் பதில் சொல்லாதிருப்பது.

எதை வைத்து முடிவெடுப்பது?

வீட்டில் இருப்பவர்கள் கவனிக்கக்கூடிய அடையாளங்கள் இவை.

தூக்கம் கெட்டுவிட்டதா, அல்லது நாள் முழுதும் தூங்குகிறாரா? பசி மாறிவிட்டதா? முன்பு பிடித்தவை, கிரிக்கெட்டோ சமையலோ பேரக்குழந்தையின் சிரிப்போ, இப்போது எதுவும் ஒட்டவில்லையா? பள்ளிக்கோ கடைக்கோ போக முடியவில்லையா? காரணமின்றி நெஞ்சு படபடத்து, இதயத்தில் கோளாறு இல்லை என்று டாக்டர் சொன்ன பின்னும் பயம் விடவில்லையா? இப்படியான நிலை இரண்டு வாரத்துக்கு மேல் பெரும்பாலான நாள்களில் நீடித்தால், கோச்சிங் பற்றி யோசிக்காமல் முதலில் மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

யாரும் பேசாத குரல் கேட்கிறது என்றால், எல்லோரும் தனக்கு எதிராகச் சதி செய்வதாக உறுதியாக நம்பினால், பல நாள் தூங்காமலேயே அளவுக்கு மீறிய உற்சாகத்தில் பணத்தை வாரி இறைத்தால், இரண்டு வாரம் காத்திருக்கவும் வேண்டாம். போதைப் பழக்கம், சிறு வயதில் நேர்ந்த கொடுமை, வீட்டு வன்முறை ஆகியவையும் பயிற்றுநரின் எல்லைக்கு அப்பாற்பட்டவை.

பிரசவமான பெண்களைத் தனியாகக் குறிப்பிட வேண்டும். பிள்ளை பெற்ற முதல் சில நாள்கள் அழுகை வருவது பலருக்கும் இயல்பு, தானாகச் சரியாகும். இரண்டு வாரம் கடந்தும் அழுகை நிற்காமல், குழந்தையிடம் ஒட்டுதல் இல்லாமல், "நான் நல்ல தாய் இல்லை" என்று சொல்லிக்கொண்டிருந்தால் அது சிகிச்சை தேவைப்படும் நோய். நாற்பது முடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. மாமியாரும் தாயாரும் "நாங்க பெத்துக்கலையா?" என்று கேட்காமல் இருந்தாலே பாதி உதவி.

யாராவது "செத்துவிட்டால் நல்லது" என்று சொன்னால், விளையாட்டுக்குச் சொன்னாலும், அதைக் கேட்டு விசாரியுங்கள். அப்படிக் கேட்பது அந்த எண்ணத்தைத் தூண்டிவிடும் என்பது தவறான நம்பிக்கை. மார்க்கத் தடையைச் சொல்லி அதட்டும் நேரமும் அது அல்ல. தனியே விடாமல் உடனிருந்து, அன்றே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள். 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், தற்கொலைக்கு முயன்றவரைக் கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகவே கருதச் சொல்கிறது. ஆகவே போலீஸ் வழக்கு வரும் என்று பயந்து மறைக்க வேண்டியதில்லை.

வெட்கம்தான் பல வீடுகளில் முடிவெடுக்கிறது

நாம் கண்ட வரையில், பல குடும்பங்கள் கோச்சிங்கைத் தேர்ந்தெடுப்பது அது பொருத்தம் என்பதால் அல்ல. அந்தப் பெயர் கௌரவமாக இருக்கிறது. "மகன் லீடர்ஷிப் கோச்சிங் போறான்" என்று உறவினரிடம் சொல்லலாம். "மனநல டாக்டரிடம் போகிறான்" என்றால் பைத்தியம் என்பார்கள், நாளைக்குச் சம்பந்தம் பேசும்போது யாராவது கிளப்புவார்கள் என்ற அச்சம். மகள் என்றால் அச்சம் இரட்டிப்பு. இந்த அச்சம் கற்பனை என்று நாம் சொல்ல மாட்டோம். நிகாஹ் பேச்சில் இப்படிக் கிளப்பியதை நாமே கேட்டிருக்கிறோம். ஆனால் மறைத்து வைத்த நோய் முற்றிய பின் வெளியே தெரிவது இன்னும் பெரிய சேதம். ஆரம்பத்திலேயே பார்த்தால் பெரும்பாலோர் படிப்பு, தொழில், குடும்பம் என்று வழக்கமான வாழ்க்கைக்குத் திரும்பிவிடுகிறார்கள்.

இரகசியம் காக்கப்பட வேண்டும் என்பதற்காகக் கோச்சிடம் போகிறவர்களுக்கு ஒரு செய்தி. மேலே சொன்ன அதே சட்டம், நோயாளியின் விவரங்களைக் காக்கும் கடமையைச் சிகிச்சை தருபவர்கள்மீது சுமத்துகிறது. உரிமமே தேவைப்படாத பயிற்றுநருக்கு அப்படிப்பட்ட சட்டக் கடமை எதுவும் இல்லை. 'என் மாணவரின் வெற்றிக்கதை' என்று உங்கள் பிள்ளையின் கதை விளம்பரமாக வந்தாலும் வியப்பதற்கில்லை.

ஈமானின் பலவீனமா?

நம் போன்றவர்களிடம் வருவோரின் மனதில் இருக்கும் கேள்வி இது. யஃகூப் (அலை) அவர்கள் மகனைப் பிரிந்த துயரத்தில் அழுதழுது கண்பார்வை மங்கினார்கள் என்று குர்ஆன் கூறுகிறது. அவர்களின் ஈமானை யார் குறை சொல்ல முடியும்? மனம் துயரத்தில் உடையக்கூடியது என்பது நமக்குப் புதிய செய்தி அல்ல. நோய்க்கு மருந்து தேடுவதும் நபிவழியே.

நம் முன்னோர்கள் இதைத் தெளிவாக அறிந்திருந்தார்கள். இன்றைய ஆப்கானிஸ்தானில் உள்ள பல்க் நகரைச் சேர்ந்த அபூ ஸைத் அல்-பல்கீ (இறப்பு 934) உடல் நலத்தையும் மன நலத்தையும் ஒரே நூலின் இரு பகுதிகளாக எழுதினார். காரணம் தெரிந்த சோகத்தையும் காரணம் தெரியாத சோகத்தையும் அவர் வேறுபடுத்தினார். முன்னதற்குச் சிந்தனையைச் சீர்செய்யும் வழிகளையும், பின்னதற்கு உடலுக்கான சிகிச்சையையும் பரிந்துரைத்தார். ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே ஓர் அறிஞர் 'எல்லாச் சோகமும் ஒன்றல்ல' என்று பிரித்துப் பார்த்திருக்கிறார். நாம் இன்று எல்லாவற்றுக்கும் ஒரே பதிலை வைத்திருக்கிறோம்.

அதன் விலை என்ன என்பதும் நமக்குத் தெரியும். 2001 ஆகஸ்ட் 6 அன்று இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் தனியார் மனநலக் காப்பகம் ஒன்றில் தீப்பிடித்தது. சங்கிலியால் கட்டப்பட்டிருந்ததால் தப்பி ஓட முடியாமல் 28 பேர் இறந்தார்கள். தர்காவுக்கு நேர்ச்சைக்காகக் குடும்பத்தார் அழைத்து வந்தவர்கள் அவர்களில் பலர். மனநோயாளிகளைச் சங்கிலியால் கட்டுவதை இன்று சட்டம் தடை செய்திருக்கிறது. அதே ஏர்வாடியில் பின்னர் துஆவோடு மருந்தும் கிடைக்கும் வகையில் அரசு மனநலச் சேவை ஏற்படுத்தப்பட்டது. ஒன்றை விட்டுத்தான் மற்றொன்று என்று யாரும் கேட்கவில்லை. ஓதுவது தொடரட்டும், மருத்துவம் தாமதமாக வேண்டாம்.

பணம் கட்டும் முன்

கோச் ஒருவரைத் தேர்ந்தெடுத்தால் மூன்று கேள்விகள் கேளுங்கள். எங்கே, எத்தனை நாள் பயிற்சி பெற்றீர்கள்? என் பிள்ளைக்கு இது நோயாக இருந்தால் எப்படிக் கண்டுகொள்வீர்கள்? அப்போது யாரிடம் அனுப்புவீர்கள்? கடைசிக் கேள்விக்குப் பதில் இல்லாதவரிடம் போகாதீர்கள். "மருந்தை நிறுத்துங்கள், நான் சரிசெய்கிறேன்" என்று சொல்பவரிடமிருந்து உடனே எழுந்து வந்துவிடுங்கள். மருந்தைத் தொடங்குவதும் குறைப்பதும் நிறுத்துவதும் மருத்துவர் மட்டுமே முடிவு செய்ய வேண்டியவை. அந்த மருந்துகள் பலன் தரச் சில வாரங்கள் ஆகும் என்பதையும் மனதில் கொள்ளுங்கள்.

சிகிச்சைக்குப் போகும் சகோதரிகள் பெண் நிபுணரைக் கேட்டுப் பெறலாம். மஹ்ரமான ஒருவர் வெளியே காத்திருக்கலாம். ஆனால் கணவரோ தாயோ உள்ளே அமர்ந்து அவருக்காகப் பதில் சொல்லிக்கொண்டிருந்தால் சிகிச்சை நடக்காது. தொழுகை, நோன்பு, குடும்ப அமைப்பு பற்றி உங்களுக்கு உள்ள எல்லைகளை முதல் சந்திப்பிலேயே சொல்லுங்கள். நல்ல சிகிச்சையாளர் அவற்றை மதித்தே வழிகாட்டுவார். பொருந்தவில்லை என்றால் வேறொருவரிடம் மாறலாம், சிகிச்சையையே விட்டுவிட வேண்டாம்.

செலவுக்கு அஞ்சுவோர் அறிய வேண்டியது: அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலப் புறநோயாளிப் பிரிவு உண்டு. 2022 அக்டோபர் 10 அன்று தொடங்கப்பட்ட மத்திய அரசின் டெலி-மானஸ் சேவையை 14416 என்ற எண்ணில் 24 மணி நேரமும் இலவசமாக அழைக்கலாம், தமிழிலும் பேசலாம். எங்கே போவது என்று தெரியாத குடும்பத்துக்கு அதுவே நல்ல முதல் படி. ஜமாஅத் நிர்வாகிகள் இந்த எண்ணைப் பள்ளிவாசல் அறிவிப்புப் பலகையில் எழுதி வைக்கலாம்.

அந்தப் பையனைப் பற்றிச் சொல்லி முடிக்கிறோம். மருந்தும் பேச்சுவழிச் சிகிச்சையுமாகச் சில மாதங்கள் சென்றன. முதலில் தூக்கம் திரும்பியது, பிறகு பசி. ஒரு நாள் ஃபஜ்ருக்கு வந்து பின் வரிசையில் நின்றான். நாம் எதுவும் கேட்கவில்லை. மருத்துவர் மருந்தைக் குறைக்கத் தொடங்கிய பின், படிப்பை எப்படித் திட்டமிடுவது என்று தெரியாமல் தடுமாறினான். அப்போது நாமே அவனை ஒரு பயிற்றுநரிடம் அனுப்பினோம். முன்பு தோற்றுப்போன அதே இலக்குப் பட்டியல் இந்த முறை பயன் தந்தது. எழுந்து நடக்க அவனுக்கு இப்போது கால் இருந்தது. அல்ஹம்துலில்லாஹ், இன்று மருந்தாளுநர் படிப்பின் இறுதி ஆண்டில் இருக்கிறான்.

இப்போது யாராவது பிள்ளையை ஓதிப் பார்க்க அழைத்து வந்தால், ஓதிவிட்டு இரண்டு கேள்விகள் கேட்கிறோம்: தூங்குகிறாயா? சாப்பிடுகிறாயா? பதிலைக் கேட்ட பிறகுதான் எந்த அறிவுரையும்.

நோயைத் தந்தவனும் அதற்கு நிவாரணம் வைத்தவனுமான வல்ல ரஹ்மான், நம் பிள்ளைகளின் உள்ளங்களுக்கு அமைதியையும், உரிய நேரத்தில் உரிய வாசலைத் தட்டும் தெளிவை நமக்கும் தந்தருள்வானாக. ஆமீன்.